ஆனியில் காய்ச்சிய பால்

பூட்டிய வீடு எதைப் பார்த்தாலும் என் கால் இன்றைக்கும் தானாக நின்றுவிடுகிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பின்னால் கிணறு இருக்கிறதா, அடுப்பங்கரையில் புகை போக வழி உண்டா, அக்கம்பக்கம் எப்படி என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன். "உனக்கு இந்த வியாதி போகவே போகாது" என்பார் என் வீட்டுக்காரர். தொண்ணூற்றொன்றில் பிடித்த வியாதி. கூடவே பிடித்த இன்னொன்று பயம். அதுவும் முழுசாகப் போகவில்லை.

அப்போது நான் படப்பையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு லேடீஸ் சைக்கிள், அவ்வளவுதான். இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களில் சில குடும்பங்கள் முகாமில் இல்லாமல், அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே தங்கி உழைத்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. முதல் வருஷம் அது எனக்குப் பிடித்த வேலையாகத்தான் இருந்தது. "பாவம், கடல் தாண்டி வந்திருக்காங்க" என்று சொன்னால் போதும், சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் ஏதோ என் சாமர்த்தியத்தால்தான் வீடு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் இறந்தார். வைத்தது இலங்கைக்காரர்கள் என்றார்கள். மற்ற ஊர்களுக்கு அது ரேடியோ செய்தி. எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சாவு. மறுநாளிலிருந்து ரோடெல்லாம் காக்கி. ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். டீக்கடையில் வெள்ளைச் சட்டையும் மீசையுமாக யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மஃப்டி போலீஸாகத்தான் தெரிந்தார்கள். அப்படி ஒருவர் நான் போகும் இடமெல்லாம் எதிர்ப்பட்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் உர மூட்டைக்கு ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனேன். பயத்துக்கு விளக்கம் சொன்னால் கேட்கவா செய்யும்?

எல்லாக் குடும்பங்களுக்கும் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன். பஸ்ஸில் பேசாதீர்கள். இறங்க வேண்டிய இடம் வந்தால் எழுந்து நில்லுங்கள், கண்டக்டர் கேட்டால் தலையாட்டுங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள். 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ஓம்', 'எங்கள்' என்பதற்கு ஒரு 'எங்கட' போதும், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பிள்ளைகளுக்குக்கூட அதைப் பழக்கினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து மாட்டையும் ஏரியையும் பார்த்துக்கொண்டு ஒரு சத்தம் போடாமல் வருகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான் என்பதில் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

ஜூனில் ஒவ்வொரு வீட்டுக்காரராக வந்து, "காலி பண்ணச் சொல்லும்மா" என்றார்கள். கெட்டவர்கள் இல்லை. நேற்றுவரை அந்தப் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தவர்கள்தான். "ராத்திரியில கதவு தட்டுறாங்கம்மா, எங்களால முடியல" என்றார்கள். எனக்கும்தான் முடியவில்லை. என்ன சொல்லி மறுப்பேன்?

அப்படி வெளியே வந்த குடும்பம் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் மறைமலை நகரில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். வேலையில் கெட்டி, ஓ.டி. என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குப் போன இடத்தில் ஷெல் விழுந்து, சில்லு கிழித்த காயம். மே மாதத்துக்கு முன்னால் அந்தத் தழும்பைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். மே மாதத்துக்குப் பிறகு அதே தழும்பைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்கள். கொளுத்துகிற வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். அதுவும் சந்தேகமாகிப் போனது.

ஆனி முழுக்க நான் அவர்களுக்கு வீடு தேடினேன். படப்பை, வல்லக்கோட்டை, ஒரகடம், உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஊர்கள். 'வாடகைக்கு விடப்படும்' என்று கரித்துண்டால் எழுதிய சுவரின் முன்னால் நின்றுகொண்டே, "வீடு காலி இல்லம்மா" என்பார்கள். "சுவத்துல எழுதியிருக்கே?" என்றால், "அழிக்க மறந்துட்டோம்." ஓரிடத்தில் பொறுக்க முடியாமல் என் முந்தானையாலேயே அந்த எழுத்தை அழித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கரியைத் துவைக்கும்போது அழுகையாக வந்தது. கால் வலியிலா, கோபத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, அவர்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர்கள் பாத்திரங்களை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அப்புறம் ஒரு மாதம் அவர்களைக் கிளப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவசரம். நாலு பேரும் எங்கள் அறைக்கே வந்து சேர்ந்தார்கள். மேசையை நிமிர்த்திச் சுவரோரம் சாத்திவிட்டு அந்த இடத்தில் படுத்தார்கள்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "கடைக்குப் பின்னாடி படுக்கறதெல்லாம் விலாசம் இல்லம்மா. இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்களுக்குள்ள ஒரு வீடு காட்டணும். வீட்டுக்காரர் நேர்ல வந்து, என் வீட்லதான் இருக்காங்கன்னு சொல்லணும். இல்லன்னா பொம்பளையும் புள்ளைங்களும் முகாமுக்குப் போவட்டும். இந்த ஆளு தனி."

தனி என்றால், சந்தேகப்படுகிற ஆட்களை அடைத்து வைக்கிற சிறப்பு முகாம். உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது. அந்த மனைவி என் கையைப் பிடித்தாள். 

வெளியே வந்ததும் அவளுக்கு ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. புதன்கிழமை ஆடி ஒன்று. அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் அப்புறம் கேட்பதே வீண், இங்கே ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள் என்றேன்.  அவள் ரோட்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்களுக்கு ஆடியிலதான் அக்கா முதல் வீடு எரிஞ்சது. எண்பத்து மூண்டு கலவரத்தில, கொழும்பில."

திங்கட்கிழமை காலையில் சேரப்பணஞ்சேரிப் பக்கம் போனேன். ஊரின் கடைசியில், எருமைக் கொட்டகையை ஒட்டி ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. மகனுக்காகக் கட்டியது, மகன் பம்பாயில் வேலையோடு தங்கிவிட்டான் என்று பக்கத்தில் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெற்றிலை போட்ட வாய். நான் எதையும் மறைக்கவில்லை. இனிமேல் ஒளித்துப் பேச எனக்குத் தெம்பும் இல்லை.

"அக்கா, இலங்கைக்காரங்க. இப்பவே சொல்லிடறேன். போலீஸ் வந்து பார்ப்பாங்க. அவர் கையில ஒரு தழும்பு இருக்கு. ஷெல் பட்டது. வீடு குடுப்பீங்களா?"

அந்தம்மா வாளியைக் கீழே வைத்தார். "இன்னாமே இது, ஆடி பொறக்கப் போவுது, இப்ப வந்து வூடு கேட்டுகினு நிக்கிற?"

"ஆடிக்கு முன்னாடியே பால் காய்ச்சிடலாம்க்கா."

"நாளிக்கி ஆனி கடைசி. ஆனா செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம எவனாச்சும் பால் காய்ச்சுவானா?"

"அப்ப இன்னிக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் வந்ததில் என் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு செருப்பு வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தேன்.

"புள்ளைங்க எத்தினி?"

"ரெண்டு பொண்ணுங்க. சின்னதுக்கு நாலு வயசு."

"இப்ப எங்க கீதுங்க?"

"எங்க ஆபீஸ் தரையில."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எருமையின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "எங்க வூட்டுக்காரரு டாக்டராண்ட காது காட்ட காஞ்சிபுரம் பூட்டாரு. அவரு இருந்தா ஒத்துக்க மாட்டாரு. பால் மட்டும் காய்ச்சி வெச்சிட்டுப் போவட்டும். ஆடி கழிச்சி ஆவணியில வந்து குடியேறட்டும். போ, இட்டுக்கினு வா."

ஆடியில் மாற வேண்டியவர்கள் இங்கே அப்படிச் செய்வது உண்டுதான். முன்கூட்டியே பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாமானை அப்புறம் கொண்டுபோவார்கள். ஆனால் எனக்கு ஆவணி எதற்கு? எனக்கு வேண்டியது அடுத்த திங்கள். இருந்தாலும் முதலில் கதவு திறக்கட்டும் என்று சைக்கிளை மிதித்தேன். ஏரிக்கரை மேட்டில் மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

எமகண்டம் கழிந்த பிறகு மூன்று செங்கல் வைத்து, தென்னை மட்டையைக் கொளுத்திப் பால் காய்ச்சினோம். பால் அந்தம்மா வீட்டு எருமைப்பால். "வூடுதான் அவசரமா கேட்டு வந்துட்டீங்க, பாலாச்சும் கெட்டியா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரும் வந்து சேர்ந்திருந்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அந்த மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தோம். கிளம்பலாம் என்று பார்த்தால் சின்னவள் தரையில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். சிமெண்ட் தரை, சில்லென்று இருந்திருக்கும். நான் தூக்கப் போனேன்.

"தூங்கற புள்ளய எழுப்பாதமே" என்றார் வீட்டுக்காரம்மா. "எழுந்துக்கினு அப்பால போவட்டும்."

பிள்ளை எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர்தான் வந்தார்.

காதில் பஞ்சு வைத்திருந்தார். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பாத்திரங்களைப் பார்த்தார். கடைசியில் ஃபிட்டரைப் பார்த்து, "யாருய்யா நீ?" என்று உரக்கக் கேட்டார். இவர் எழுந்து நின்று, "ஓம் ஐயா, நாங்கள்..." என்று தொடங்கினார். பால் காய்ச்சும்போது மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட மறந்திருந்தார். வீட்டுக்காரர் கண் அந்தத் தழும்பில் போய் நின்றது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை. என்னிடம் இருந்த அதே பயம்.

"கெளம்பு. இப்பவே கெளம்பு. எல்லாத்தியும் எடு." பால் பாத்திரத்தை அவரே எடுத்து வாசலில் வைத்தார். மிச்சப் பால் படியில் சிந்தியது.

அந்தம்மா குறுக்கே வந்து நின்றார். "பால் பொங்கின வூடுயா இது. பொங்கின அன்னிக்கே பொம்பள புள்ளைங்கள வெளிய தள்ளுவியா? நாளிக்கி செவ்வா. நாளன்னிக்கி ஆடி. ஆடியில ஒரு குடும்பத்த வூட்ட வுட்டு அனுப்பினா நம்ம புள்ளைக்கு ஆவுமா?"

"எனக்கு ஆனியும் தெரியாது, ஆடியும் தெரியாது!" என்று கத்தினார். ஆனால் பாத்திரத்தை மறுபடி எடுக்கவில்லை. எல்லாக் கதவையும் சாத்திவிடும் என்று நான் பயந்த அதே ஆடி, இப்போது உள்ளே இருப்பவர்களை வெளியே விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டது. நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அந்த ஒரு முறை எனக்குப் புத்தி இருந்தது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மே மாதத்தில் அவரும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாராம். தலைவரைப் பார்க்கக் கடைசியில் ஒரு ஓரமாக நின்றிருந்தார். வெடித்ததும் யார் மேலேயோ விழுந்து எழுந்து, செருப்பில்லாமல் ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து இடது காது போய்விட்டது. மூன்று முறை போலீஸ் கூப்பிட்டு, இன்னா பாத்த, யார் பாத்த என்று கேட்டார்களாம். "நான் ஒண்ணியும் பாக்கலம்மா. சத்தந்தான். அந்தச் சத்தம் இன்னும் நிக்கல. ஆடி முடியறவரிக்கும் இருந்துட்டுப் போவட்டும். ஸ்டேசனுக்கு மட்டும் என்னக் கூப்டாத. அவனுக்காக அங்க வந்து நான் நிக்க மாட்டேன்."

வீடு அவர் பேரில் இருந்தது. அவர் வராவிட்டால் அது விலாசமே இல்லை.

அந்த வாரம் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று தெரியவில்லை. வீடு கிடைத்தது என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அடுத்த திங்கள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, "இந்த வேலைய விட்டுடு. உன்னையும் சேர்த்து உள்ள வெச்சா நான் எங்க போய் நிப்பேன்?" என்றார். தட்டில் சோறு போட்டேன். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான்.

ஆடி ஒன்று காலையில் போனபோது அவள் ஒரு குண்டானில் என்னவோ கிளறிக்கொண்டிருந்தாள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, பல்லு பல்லாகக் கீறிய தேங்காய். "எங்கட ஊரில ஆடிப்பிறப்பெண்டால் கூழும் கொழுக்கட்டையும் அக்கா. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமே இருக்காது" என்றாள். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு சொம்பில் கொடுத்தனுப்பினாள். அந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கூழ்ல எவளாச்சும் இனிப்பு போடுவாளா? கருவாடு இல்லாம அது இன்னா கூழு?" என்று அதட்டினார். சொம்பு மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் குடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வேட்டு போடக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது. அம்மனுக்கு இல்லாத வேட்டா என்று இளவட்டங்கள் எப்படியோ கொண்டுவந்திருந்தார்கள். நான் அன்றைக்கு அங்கே போனதே கடைசியாக ஒருமுறை வீட்டுக்காரரிடம் கெஞ்சிப் பார்க்கத்தான். அவர் கொட்டகையில் எருமைக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு நாளில் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் வீட்டுக்காரர் பக்கம் போய், "அண்ணே" என்று ஆரம்பித்தேன்.

முதல் வேட்டு வெடித்தது.

கொட்டகையின் ஓடு அதிர்ந்தது. வீட்டுக்காரர் வைக்கோலோடு அப்படியே கீழே போனார். மண்டியிட்டு, தலையைத் தரையில் முட்டி, இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். ஆம்பளை போடுகிற சத்தம் இல்லை அது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.  கிணற்றடியிலிருந்து ஃபிட்டர் குனிந்தபடியே ஓடி வந்து அவர் மேல் படுத்தார். அவர் கையைப் பிடரியிலிருந்து இழுத்துக் காதில் வைத்து அழுத்தினார். "வாயைத் திறவுங்கோ ஐயா! வாயைத் திறந்து வையுங்கோ! பல்லைக் கடிச்சால் காது போயிடும்!"

இரண்டாவது வெடித்தது. மூன்றாவதும் வெடித்தது. அதுவரைக்கும் இருவரும் எருமைச் சாணத்தில், வாயை ஆவென்று திறந்துகொண்டு கிடந்தார்கள். இவர் உடம்பும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கோயில் பக்கம் உடுக்கைச் சத்தமும் குலவையும் கேட்டன. எருமை ஒன்றும் நடக்காதது மாதிரி அசை போட்டது.

வீட்டுக்காரர் எழுந்து உட்கார வெகுநேரம் ஆயிற்று. வேட்டியில் சாணம். பஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டது. "வாயத் தொறக்கணுமா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. குண்டு போட பொம்மர் வந்தால் நாங்கள் பிள்ளையளுக்கும் அதுதான் சொல்லிக் குடுக்கிறது. வாயைத் திறந்தால் காதுச் சவ்வு தப்பும்."

வீட்டுக்காரர் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு, "அன்னிக்கி நீ என் பக்கத்துல இருந்திருந்தா என் காது பொழச்சிருக்கும் தம்பி" என்றார்.

அவர் தம்பி என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டேஷனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் சலவை வேட்டியோடு அவரே பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. நடுவில் இறங்கி ஓடிவிடுவாரோ என்று வழியெல்லாம் அவர் காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில் அதே அதிகாரி. பேனாவைத் திறந்தார். எப்போது குடி வந்தார்கள் என்று என்னிடம் கேட்டார். போன வாரம் என்றேன். அவர் எழுதாமல் நிமிர்ந்தார்.

"ஆடியில எவன்யா குடி வெப்பான்? எனக்கே கதை சொல்றீங்களா? ஸ்டேஷனுக்குக் காட்ட ஒரு ஆளப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, அதான?"

இலங்கை, தழும்பு, பட்டறை என்று எதைக் கேட்டாலும் சொல்ல நான் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்கு இல்லை. பால் காய்ச்சியது ஞாபகம் வந்தது, ஆனால் நான் சொன்னால் நம்ப மாட்டார் என்று பட்டது. பக்கத்தில் அவள் சின்னவளை இறுக்கிப் பிடித்தாள். வாசலில் வேன் ஒன்று பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அது யாருக்காக நின்றதோ தெரியாது. அவள் கணவனுக்காகத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரர் நல்ல காதைத் திருப்பி, "இன்னா சார்?" என்றார். அதிகாரி மறுபடி கேட்டார்.

"ஆடி இல்ல சார்" என்றார் வீட்டுக்காரர், ஸ்டேஷனே அதிர. "ஆனியிலியே பால் காய்ச்சிட்டாங்க. எங்க வூட்டு எருமப் பாலு. நான் காது காட்டப் பூட்டு வந்து பாத்தா பொங்கி வழிஞ்சி கெடக்குது. இப்ப ஆடியில எப்டி சார் அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

"காதுக்கு என்ன?"

"மே மாசக் கூட்டத்துக்குப் போயிருந்தேன் சார்."

 அதிகாரி அவரையே பார்த்தார். "அங்க இருந்துட்டா இவங்களுக்கு வீடு குடுக்கறீங்க?"

"குண்டு வெச்சது இவன் இல்லியே சார்."

அதிகாரி எழுதினார். வாராவாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக அலைந்த களைப்பு மொத்தமும் அப்போதுதான் காலில் இறங்கியது. அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்ததில்லை. அந்த மரத்தடியில் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரகடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி முன்பக்கம் நின்றார்கள்.  பிள்ளைகள் பழக்கப்படி வாயை மூடி ஜன்னலைப் பார்த்தன. வீட்டுக்காரர் ஃபிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கேட்காத காது அவர் பக்கமாக.

"தம்பி, உங்க ஊரு பேரு இன்னா?" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னா? கேக்கல. சத்தமா சொல்லு."

தலைகள் திரும்பின. போலீஸ்காரர்களில் ஒருவரும் திரும்பினார். வேண்டாம் என்று சொல்ல என் விரல் உதடுவரை வந்துவிட்டது. இரண்டு மாதப் பழக்கத்தில் தானாக எழும் விரல். பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. ஆனாலும் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"பருத்தித்துறை, ஐயா!" என்று அவர் உரக்கச் சொன்னார். "எங்கட வீட்டு வாசலில நிண்டால் கடல் தெரியும்!"

சின்னவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் வாயைத் திறந்தாள்.